பொலிசாருக்குக் குளிசைப் பயிற்சியாம்: திருகோணமலையில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பாலையூற்றான்:
வணக்கம் உறவுகளே. எங்கள் பகுதி சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் ஒரு விடயம் வந்தது. பொலிசாருக்கு இரண்டு விடயங்களில் பயிற்சி வைக்கப் போகிறார்களாம். ஒன்று, டொக்டரின் துண்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய குளிசைகள் வெளியே கசிந்து போதைக்கு விற்கப்படுவதைப் பிடிப்பது. மற்றது வீதிக் குற்றங்கள்: சங்கிலி அறுப்பு, ஃபோன் பறிப்பு, திருட்டு மோட்டார் சைக்கிள், பஸ்ஸில் ஆள் இல்லாமல் வரும் பார்சல். "ஊர்ச்சனமும் யோசனை தரலாம், எழுத்தில் தாருங்கள்" என்று பொறுப்பதிகாரி சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணியும் பணிசும் வந்தது, கூட்டம் கலைந்தது.

எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்குக் குளிசையும் தெரியாது, சட்டமும் தெரியாது. இங்கே பாமசியில், ஆஸ்பத்திரியில், கோட்டில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், பொலிசில் இருந்தவர்களும் இருக்கிறீர்கள். மனதில் பட்டதைச் சொல்லுங்கள். அரசியல் வேண்டாம். அந்தக் கட்சி இந்தக் கட்சி என்று தொடங்கினால் இழையைப் பூட்டிவிடுவார்கள்.

மூன்றாங்கட்டை ஓட்டோ:
அண்ணை, சோதனை செய்ய அவர்களுக்குப் பயிற்சியே தேவையில்லை. அநுராதபுரச் சந்திப் பக்கம் இரவில் மறிப்பார்கள். பின் சீட்டைக் கழற்றச் சொல்வார்கள், டூல் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பார்கள். பயணி பொறுமை இழந்து இறங்கி நடந்துவிடுவார். சீட்டைத் திரும்பப் பூட்டுவது என் வேலை.

அதே சந்தியில் பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேர் ஒரு பைக்கில் போகிறார்கள். பின் நம்பர் பிளேட் மேல்நோக்கி மடித்துவிடப்பட்டிருக்கிறது, வானத்தைப் பார்த்துக்கொண்டு. பின்னால் இருப்பவன் ஹெல்மெட் கண்ணாடியைத் திறக்கவே இல்லை. அவர்களை யாரும் மறிப்பதில்லை. சங்கிலி அறுக்கிறவன் ஓட்டோவில் வந்தா அறுக்கிறான்? கோவிலுக்குப் போய் வருகிற அம்மாக்களைக் கேளுங்கள், எல்லோரும் பைக் என்றுதான் சொல்வார்கள். எதைப் பார்ப்பது என்று முதலில் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

மருந்துமேசை:
நான் பாமசியில் வேலை செய்கிறவள். எந்தப் பாமசி என்று கேட்காதீர்கள்.

இன்று ஊரில் போதைக்கு விற்கப்படுவதில் முதலில் அடிபடும் பெயர் பிரிகாபலின். அது கெட்ட மருந்து இல்லை. சீனி வருத்தக்காரரின் பாத எரிவுக்கும், அக்கி வந்து போன பிறகு நிற்கும் நோவுக்கும், வலிப்புக்கும் கொடுப்பது. எங்கள் கடைக்கு வரும் வயதானவர்களில் பலர் இதைத்தான் குடிக்கிறார்கள். இரண்டாவது ட்ராமடோல், வலி நிவாரணி. உலகம் முழுக்க இந்த இரண்டும் தலைவலிதான். பிரித்தானியா 2019 ஏப்ரலில் பிரிகாபலினைக் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருட் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2018 இல் ட்ராமடோலைத் தன் போதைப்பொருட் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அங்கே இறுக்கினால் இங்கே ஓடி வருவார்கள் என்பது வியாபாரம் தெரிந்த யாருக்கும் புரியும்.

சரி, எப்படிக் கசிகிறது? துண்டில் "2/52" என்று எழுதியிருந்தால் இரண்டு கிழமைக்குக் கொடு என்று அர்த்தம். முன்னால் ஒரு கோடு போட்டால் "12/52". இரண்டு கிழமை பன்னிரண்டு கிழமையாகிவிடும். அந்த ஒரு கோடு மட்டும் வேறு நீலத்தில் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பிறகு, ஒரே துண்டோடு ஐந்து பாமசி ஏறி இறங்குவது. மருந்து கொடுத்ததும் துண்டில் சீல் அடித்துத் திகதி போட்டால் இது நின்றுவிடும். எல்லோரும் அடிப்பதில்லை. பல்லு டொக்டரின் சீலோடு நரம்புக் குளிசைக்குத் துண்டு வரும். டொக்டரின் சீலில் மருத்துவ சபைப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும், அதைச் சரிபார்க்கலாம். "அம்மம்மாவுக்கு" என்று வாங்க வருகிற பொடியனிடம் அம்மம்மாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டால் விழிப்பான்.

ஆனால் இதெல்லாம் சில்லறைக் கசிவு. பெரிய கசிவு துண்டே இல்லாமல் போவது. ஒரு கடை மாதம் இத்தனை பெட்டி பிரிகாபலின் வாங்கியது என்று மொத்த விற்பனையாளரின் பில்லில் இருக்கும். அந்தக் கடைக்கு வந்த துண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் பெட்டிக் கணக்கோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் மீதி எங்கே போனது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு ஆள் போதும், வீதியில் நூறு பொடியன்களை மறிக்கத் தேவையில்லை. நான் கேட்பது இந்த ஒரு பயிற்சியைத்தான்.

கிண்ணியா நானா:
தங்கச்சி சொல்வது சரி. ஆனால் பில் பார்த்து, துண்டு கூட்டி, கணக்கு முடியும்வரைக்கும் எங்கள் சந்தியில் நிற்கிறவனை யார் பிடிப்பது? கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு டவுனுக்கும் எங்களுக்கும் தூரமே இல்லை. நல்லதும் அதில்தான் வருகிறது, இதுவும் அதில்தான் வருகிறது. ஒரு பொடியன் ஸ்கூல் விடும் நேரம் வந்து நிற்கிறான். ஷர்ட் பையில் ஒரு குளிசை அட்டை, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கொடுக்கிறான். எல்லோருக்கும் தெரியும். 119க்கு அடித்தால் அவர்கள் வருவதற்குள் அவன் போய்விடுவான்.

எனக்கு ரெண்டு ஆம்பிளைப் பிள்ளைகள். படித்தவர்கள் பேசுகிற மாதிரி எனக்குப் பேச வராது. முதலில் அடி, பிறகு கணக்கு.

லிங்கநகர் ரீச்சர்:
நானா, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் "முதலில் அடி" என்றால் அடி யாருக்கு விழும் என்று யோசியுங்கள்.

என் அம்மாவுக்கு இதே பிரிகாபலின்தான். கிளினிக்கில் இல்லை என்று வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வழியில் பஸ்ஸை மறித்துப் பைகளைப் பார்த்தார்கள். என் பையில் ஆறு அட்டை. இளம் பொலிஸ்காரர் ஒருவர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் கேள்வி மேல் கேள்வி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "அம்மாட்ட", அம்மாவுக்கு, என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. துண்டு பாமசியிலேயே தங்கிவிட்டது, பில்லில் மருந்தின் பெயரே இல்லை. பஸ்ஸில் என்னிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். கடைசியில் கொண்டக்டர்தான் பேசி விளங்கப்படுத்தினார். அந்தப் பொலிஸ்காரரில் எனக்குக் கோபம் இல்லை. பெயரைக் கேட்டிருக்கிறார், குளிசையைப் பார்த்திருக்கிறார். நோயாளி எப்படி இருப்பார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கிளினிக் கொப்பி என்று ஒன்று இருக்கிறது. அதில் நோயும் மருந்தும் அளவும் எழுதியிருக்கும். அதை வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், வீதிச் சோதனைக்கு வருகிற அணியில் தமிழ் பேசும் ஒருவரும் பெண் பொலிஸ் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். தமிழ் அரசகரும மொழியானது 1987 இல், 13ஆம் திருத்தத்தோடு. கொண்டக்டர் மொழிபெயர்க்கும் நிலை இன்னும் எத்தனை வருடத்துக்கு?

மூன்றாங்கட்டை ஓட்டோ:
ரீச்சர், அந்தக் கொண்டக்டருக்கு ஒரு பிளேன்டீ என் கணக்கில்.

முன்னாள் சார்ஜன்ட்:
ஓய்வு பெற்றவன். பெயர் வேண்டாம். இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் சொல்லுகிறேன்.

பயிற்சி என்றால் என்ன நடக்கும் தெரியுமா? களுத்துறைக்கோ கல்லடிக்கோ கூப்பிடுவார்கள். குளிரூட்டிய மண்டபம், திரையில் படங்கள். ஹெரோயின் இப்படி இருக்கும், ஐஸ் என்கிற மெத்தாம்பெட்டமைன் இப்படி இருக்கும், கஞ்சா இப்படி மணக்கும். கடைசியில் ஒரு சான்றிதழ். குளிசை பற்றி ஒரு படம் வரும், போய்விடும். திரும்பி வந்த ஆளை அடுத்த மாதம் வேறு பொலிஸ் நிலையத்துக்கு மாற்றுவார்கள். அவர் படித்தது அவரோடு போய்விடும்.

பாமசித் தங்கச்சி சொன்ன கணக்கைப் பொலிஸ் தனியாகப் பார்க்க முடியாது, அதையும் எழுதுங்கள். பாமசியின் உரிமம், பதிவேடு எல்லாம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பார்க்கிற ஆள் உணவு மருந்துப் பரிசோதகர். அவர் சுகாதாரப் பக்கம், நாங்கள் பொலிஸ் பக்கம். அவரிடம் சட்ட அதிகாரமும் மருந்தறிவும் இருக்கிறது, பின்னால் ஆள்பலம் இல்லை. எங்களிடம் ஆள்பலம் இருக்கிறது, பதிவேட்டைத் திறந்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. ஒரே வகுப்பில் இருவரையும் இருத்த வேண்டும். இரண்டாம் நாள் மண்டபத்தை விட்டுவிட்டு ஒரு பாமசியின் பின்னறையில் வகுப்பு வைக்க வேண்டும், பெட்டிகளை எண்ண வைத்து.

கிண்ணியா நானாவுக்கு ஒன்று. சந்தியில் நிற்கிறவனை நாளைக்கே பிடிக்கலாம். நாளன்றைக்கு அவன் தம்பி நிற்பான். நான் பார்த்தது அதுதான்.

கப்பல்துறை:
எல்லாத்துக்கும் மூலம் கடல். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்குவதைப் பிடிக்காமல் குளிசை துண்டு என்று கதைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். படகில் கிலோக்கணக்கில் ஹெரோயின் வருகிறது, பெரிய தலைகள் எல்லாம் வெளிநாட்டில். போன ஆட்சியில்

மட்டுறுத்துநர்:
கப்பல்துறை, உங்கள் பதிவின் மீதியை வெட்டியிருக்கிறேன். கடல் கடத்தலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே குளிசையும் வீதியும் மட்டும்.

டொரொன்டோ திருமலை:
ஊர் விடயம் என்றதும் வாசித்தேன். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், எடுக்கக்கூடியதை எடுங்கள்.

கனடாவில் 2018 இல் சி-46 என்று ஒரு சட்டம் வந்தது. மருந்தோ போதையோ எடுத்துவிட்டு வாகனம் ஓட்டுகிறவர்களைப் பிடிப்பதற்கு. நியாயமான சந்தேகம் இருந்தால் வீதியிலேயே உமிழ்நீர் எடுத்துப் பார்க்கலாம், உடல் ஒருங்கிணைப்புச் சோதனையும் செய்யச் சொல்லலாம். அமெரிக்காவில் வீதிப் பொலிசாருக்கு 16 மணித்தியாலப் பயிற்சி ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே போதை இனங்காணும் நிபுணர் என்று ஒரு படிநிலை. அவர் செய்யும் சோதனையில் 12 படிகள். நாடி பிடிப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, இருட்டறையில் கண்மணியின் அளவைப் பார்ப்பது, தசை இறுக்கம் பார்ப்பது என்று போகும். கடைசிப் படி இரத்தம் அல்லது சிறுநீர். இது தொடங்கியது 1970களில் லொஸ் ஏஞ்சலிஸ் பொலிசில். மதுவுக்கு ஊதச் சொன்னால் பூச்சியம், ஆனால் ஆள் நிற்க முடியாமல் தள்ளாடுகிறான், அவனை என்ன செய்வது என்ற கேள்வியில் பிறந்தது.

கண்ணில் பார்ப்பது முக்கியம். பேனை ஒன்றை முகத்துக்கு முன்னால் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் கொண்டுபோவார்கள். தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். கருவிழி ஓரத்துக்குப் போகும்போது துடித்துத் துடித்து நின்றால், மதுவோ மயக்கம் தரும் குளிசையோ எடுத்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். அபின் வகை என்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். ஐஸ் என்றால் விரிந்திருக்கும். இதை வைத்து மட்டும் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அடுத்த சோதனைக்கு அனுப்பலாமா என்று தீர்மானிக்கத்தான் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கசப்பானது. அமெரிக்காவில் 1984 இல் "பைப்லைன் நடவடிக்கை" என்று ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலையில் வாகனத்தை மறித்து, சாரதியின் முகத்தையும் பேச்சையும் வைத்துக் கடத்தல்காரனைக் கண்டுபிடிப்பது. கடைசியில் கறுப்பின, ஹிஸ்பானிய இளைஞர்களை மறிப்பது என்று ஆகிவிட்டது என்ற குற்றச்சாட்டு பெரிதாக எழுந்தது. நியூ ஜெர்சியில் 1998 இல் நான்கு இளைஞர் போன வானை மறித்து மாநிலப் பொலிசார் சுட்டார்கள். அடுத்த வருடம் இனம் பார்த்து மறித்தது உண்மைதான் என்று அந்த மாநில அரசே ஒப்புக்கொண்டது. 2015 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், போக்குவரத்துக் குற்றத்துக்கு நிறுத்திய வாகனத்தைச் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் போதைப்பொருள் மோப்ப நாய் வரும்வரை மறித்து வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்த ஊருக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்து மறிக்கும் பயிற்சி மட்டும் வேண்டாம்.

பாலையூற்றான்:
டொரொன்டோ அண்ணை, நல்ல பதிவு. ஆனால் நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் நிலாவெளி ரோட்டில் இரவு பதினொரு மணிக்கு நடக்கிற காரியமா?

டொரொன்டோ திருமலை:
அது நிலையத்தில் செய்வது தம்பி. ரோட்டில் செய்வது மூன்றே மூன்று: கண், நேர்கோட்டில் நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது.

கிண்ணியா நானா:
ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் எனக்கு முழங்கால் வருத்தம், நான் விழுந்துவிடுவேன். என்னையும் உள்ளே போடுவார்களா?

வார்ட் பத்து:
நானா பகிடியாகக் கேட்டாலும் அது நல்ல கேள்வி. நான் தாதி உத்தியோகத்தன். சீனி குறைந்து போன ஆள் வெறிகாரன் மாதிரியே இருப்பார். பேச்சுக் குளறும், வியர்க்கும், சண்டைக்கு வருவார். பக்கவாதத்தின் ஆரம்பமும், வலிப்பு வந்து முடிந்த பிறகு வரும் மயக்கமும் அப்படித்தான். பொலிஸ் ஜீப்பில் ஒரு சீனிப் பரிசோதனைக் கருவி இருந்தால், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும், உடனே தெரிந்துவிடும்.

பொலிசார் அறிந்திருக்க வேண்டியவை இன்னும் உண்டு. சாதாரணச் சிறுநீர்ப் பட்டையில் பிரிகாபலின் காட்டாது. ஹெரோயின் வகைக்கு இருக்கும் பட்டையில் ட்ராமடோலும் வழக்கமாகக் காட்டாது. பட்டை சுத்தம் என்றதும் "ஆள் சுத்தம்" என்று விடுவதும் பிழை. பட்டையில் ஒன்றும் இல்லை, ஆனால் தள்ளாடுகிறான், எனவே நடிக்கிறான் என்று அடிப்பது அதைவிடப் பிழை.

பிடித்து உள்ளே வைத்த பிறகு நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாளும் அதிக அளவில் பிரிகாபலின் குடித்தவனுக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ட்ராமடோல் கூடினாலும் வலிப்பு வரும். இரண்டையும் சேர்த்துக் குடித்தவன் மூச்சு மெலிந்து தூக்கத்திலேயே போகலாம். கூண்டுக்குள் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள். தட்டி எழுப்பிப் பாருங்கள், எழும்பாவிட்டால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். அபின் வகைக்கு நலொக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு, பிரிகாபலினுக்கு அப்படி ஒன்று கிடையாது. இந்த அரை மணித்தியால வகுப்பை எடுக்க எங்கள் ஆட்கள் காசு கேட்க மாட்டார்கள்.

விட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு 1927 என்ற இலக்கம் இருக்கிறது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையினுடையது. பிடிபட்ட பொடியனின் தாய் நிலைய வாசலில் அழுதுகொண்டு நிற்பாள். அந்த இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி அவள் கையில் கொடுத்தாலே பெரிய காரியம்.

கறுப்புக் கோட்:
சட்டத்தரணி. சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன், தொழில் காரணமாக முடியாமலும் போகலாம்.

நம் நாட்டின் பிரதான போதைப்பொருட் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1984 இல் கடுமையாக்கினார்கள், 2022 இல் ஐஸையும் சேர்த்தார்கள். ஹெரோயின் 2 கிராம், ஐஸ் 5 கிராம் என்ற எல்லையைத் தாண்டினால் மரண தண்டனை அல்லது ஆயுள் வரை போகும். பொலிசாரின் மூளை இந்த நிறைக் கணக்கில்தான் பழகியிருக்கிறது. எத்தனை கிராம், எத்தனை மில்லிகிராம். குளிசை வழக்கில் அந்தப் பழக்கம் உதவாது. அங்கே கேள்வி எவ்வளவு என்பது மட்டும் இல்லை: என்ன மருந்து, யார் தயாரித்தது, யார் இறக்கியது, எந்தக் கடைக்குப் போனது, விற்றவனிடம் உரிமம் இருந்ததா.

இவற்றுக்கெல்லாம் பதில் அட்டையின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் தொகுதி இலக்கத்தில், அதாவது ஒரே தடவையில் தயாரித்த மருந்துக்கெல்லாம் போடும் இலக்கத்தில், தொடங்குகிறது. ஆனால் பொலிஸ் தன் விசாரணை பற்றி நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் பீ அறிக்கையில் என்ன இருக்கும்? "போதை மாத்திரைகள் 40." அவ்வளவுதான். அட்டை உறைக்குள் போய் அரக்கு முத்திரையோடு பகுப்பாய்வாளருக்குப் போகும். மாதங்கள் கழித்து அறிக்கை வரும், அதில் மருந்தின் பெயர் இருக்கும். அதற்குள் அந்தத் தொகுதியை வாங்கிய கடை வேறு பத்துப் பெட்டி விற்று முடித்திருக்கும். பிடித்த இடத்திலேயே இரண்டு பக்கமும் ஃபோனில் படம் எடுத்து, இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அன்றைக்கே மருந்துப் பரிசோதகருக்கு அனுப்பினால் போதும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, பேனை மட்டும் போதும்.

மருந்துமேசை:
கறுப்புக் கோட் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விற்கிறவர்கள் அட்டையை ஏன் ஒவ்வொன்றாகக் கத்தரிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? காசுக்காக மட்டும் இல்லை. இலக்கம் உள்ள ஓரத்தை முதலில் வெட்டி எறிந்துவிடுவார்கள். எனவே குளிசையோடு பிடிபட்டவனின் காலடியையும் குப்பையையும் பார்க்க வேண்டும். வெட்டிய ஓரம் அங்கேதான் கிடக்கும். அரச ஆஸ்பத்திரி மருந்து என்றால் அட்டையிலோ பெட்டியிலோ அரச இலச்சினை இருக்கும். அதைக் கண்டால் கேள்வி பாமசிக்குப் போகாது, களஞ்சியத்துக்கோ நோயாளியின் வீட்டுக்கோ போகும்.

வீடு என்றதும் நினைவு வந்தது. செத்துப்போன தாத்தாவின் மருந்துப் பை அலுமாரியில் அப்படியே இருக்கும். புற்றுநோய்க்காரர் வீட்டில் மோர்பின் குளிசை மிஞ்சும். அமெரிக்காவில் 2010 முதல் மிஞ்சிய மருந்தைத் திருப்பிக் கொடுக்க நாள் குறித்து, பொலிசே நின்று கேள்வி கேட்காமல் வாங்குகிறது. இங்கேயும் பொலிசும் சுகாதாரப் பகுதியும் சேர்ந்து செய்யலாம். சனம் பொலிசுக்குப் பயப்படாமல் வந்து போகவும் ஒரு சாட்டு.

கிண்ணியா நானா:
சரி, இலக்கம் எழுதுங்கள், படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடையைப் பிடித்தால் கடைக்கு என்ன நடக்கும்? தண்டப் பணம் கட்டிவிட்டு அடுத்த கிழமை திறப்பான். பொடியன் மறியலில், முதலாளி கல்லாவில். நீங்கள் எல்லோரும் படித்தவர்கள்தானே, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கறுப்புக் கோட்:
நானா, கடைக்காரனுக்குத் தண்டப் பணத்தைவிட வலிக்கிறது உரிமம் போவதுதான். அது நீதிமன்றத்தில் இல்லை, மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையின் கையில் இருக்கிறது. பொலிஸ் வழக்கை முடித்துவிட்டு அறிக்கையை அங்கே அனுப்பாமல் விட்டால் நீங்கள் சொன்னபடிதான் நடக்கும். கோப்பின் ஒரு பிரதி அதிகார சபைக்குப் போக வேண்டும் என்பதையும் பயிற்சியில் சேர்க்கலாம்.

வார்ட் பத்து:
இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் ஒக்சிகொன்டின் வலிக் குளிசை கட்டுமீறிப் போனதும் கிளினிக்குகளை மூடினார்கள். 2010 இல் குளிசையை நசுக்க முடியாதபடி மாற்றினார்கள். புளோரிடா 2011 இல் துண்டுகளைக் கணினியில் கண்காணிக்கத் தொடங்கியது. எல்லாம் தேவைதான். ஆனால் ஏற்கனவே அடிமையாகிப் போனவர்களில் ஒரு பகுதி ஹெரோயினுக்குத் தாவியது. 2013க்குப் பிறகு ஃபென்டனில் வந்து இன்னும் பலர் செத்தார்கள். இங்கே குளிசையை இறுக்கினால் ஐஸ் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கிறது. கடையைப் பூட்டும் அதே கிழமையில் சிகிச்சைக்கும் வழி திறக்க வேண்டும்.

கிண்ணியா நானா:
அப்படி ஒரு இடம் எங்கள் பக்கம் இருந்தால் நானே பொடியன்களைக் கூட்டிக்கொண்டு வருவேன். அடிக்கிற கதை ஆத்திரத்தில் வந்தது.

மூன்றாங்கட்டை ஓட்டோ:
வீதிக் குற்றத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பார்சலைப் பற்றி நான் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸில் கொண்டக்டர் கையில் பெட்டி கொடுத்துவிடுவார்கள். அனுப்புகிறவர் பெயர் இல்லை, ஒரு ஃபோன் நம்பர் மட்டும். விடியற்காலையில் பஸ் நிலையத்தில் ஒருவர் வந்து எடுத்துப் போவார். சில நேரம் எங்களுக்கு ஃபோன் வரும்: "பஸ்ஸில் ஒரு பெட்டி இருக்கு, எடுத்துக்கொண்டு வாங்க." உள்ளே சேலையா குளிசையா, எனக்கு என்ன தெரியும்? வழியில் மறித்தால் மாட்டுவது நான். பார்சலை ஒப்படைக்கும்போதும் எடுக்கும்போதும் அடையாள அட்டை இலக்கத்தை எழுதச் சொல்லி பஸ்காரர்களுக்கும் ஒரு வகுப்பு வைக்கட்டும். எங்களுக்கும் வைக்கட்டும், வருகிறோம்.

முன்னாள் சார்ஜன்ட்:
இது நல்ல யோசனை. பஸ்ஸை வீதியில் மறித்து அறுபது பேரின் பையைக் கிளறுவதைவிட, இறங்கும் இடத்தில் ஒருவர் சிவில் உடையில் நின்று பெயரில்லாப் பார்சல் யாரிடம் போகிறது என்று பார்ப்பது மேல்.

சங்கிலி அறுப்புக்கு ஒன்று. முறைப்பாடு எழுதும்போது "கறுப்பு நிற மோட்டார் சைக்கிள், இருவர்" என்று எழுதி முடித்துவிடுவோம். பறிகொடுத்த அம்மாவை இருத்தித் தண்ணி கொடுத்து, அவருடைய மொழியில் நிதானமாகக் கேட்டால் இன்னும் வரும்: சைலன்ஸர் சத்தம், எந்தப் பக்கம் திரும்பியது, பின்னால் இருந்தவனின் செருப்பு. நேர்காணல் எடுப்பது ஒரு தனிக் கலை, நிலையத்தில் அதை யாரும் சொல்லித்தருவதில்லை. இன்னொன்று, மதுவுக்கு ஊதச் சொல்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் மதுவோடு போதைப்பொருளையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் டிப்பர் சாரதி குளிசை போட்டிருந்தால் அந்தக் குழாய் அவனை ஒன்றும் செய்யாது. கந்தளாய் ரோட்டில் இரவு ஓடுகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கப்பல்துறை:
மட்டுறுத்துநர் ஐயா, இதையாவது விடுங்கள். பிடித்த குளிசையை நிலையத்தில் யார் பாதுகாப்பது? வேலியே பயிரை மேய்ந்தால்?

கறுப்புக் கோட்:
நியாயமான கேள்வி. பிடிபட்டவர் முன்னிலையில் எண்ணி, முத்திரையிட்டு, அவருடைய கையெழுத்தை வாங்கி, பிறகு ஒவ்வொரு கை மாறும்போதும் யாரிடமிருந்து யாருக்கு என்று எழுத வேண்டும். எண்ணிக்கை இடையில் குறைந்தால் வழக்கும் போய்விடும், பெயரும் போய்விடும். கைதான ஒருவருக்கு அநீதி நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கு அழைக்கலாம் என்பதையும் பொலிசாரே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பாலையூற்றான்:
இரண்டு பக்கத்துக்குள் அடக்கி எழுதத் தொடங்கிவிட்டேன். பாமசிக் கணக்கும் தொகுதி இலக்கமும் முதல் பக்கத்தில். கூண்டுக்குள் வலிப்பு, சீனிக் கருவி, பார்சல், முறைப்பாடு எழுதுவது எல்லாம் இரண்டாவதில். கண்ணைப் பார்க்கும் சோதனையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்து மறிக்க வேண்டாம் என்பதையும் அதோடு சேர்த்திருக்கிறேன். ஒரு சந்தேகம். எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று பெயரோடு எழுதலாமா?

மருந்துமேசை:
பொலிசுக்குக் கொடுக்கும் பிரதியில் எழுதுங்கள். கூட்டத்தில் வாசிக்கும் பிரதியில் வேண்டாம். பின் வரிசையில் பிள்ளைகளும் இருப்பார்கள். புதுப் பெயரை நாமே அறிமுகப்படுத்த வேண்டாம்.

லிங்கநகர் ரீச்சர்:
கிளினிக் கொப்பி வரியை விட்டுவிடாதீர்கள் தம்பி. தமிழ் பேசும் ஆள், பெண் பொலிஸ் இரண்டும் அதற்கு அடுத்த வரி.

பாலையூற்றான்:
இருக்கிறது ரீச்சர். சிங்களப் பிரதிதான் பிரச்சினை. கூகிளில் போட்டேன், "அட்டை" என்பதை இரத்தம் குடிக்கிற அட்டை என்று மொழிபெயர்க்கிறது.

முன்னாள் சார்ஜன்ட்:
எனக்கு அனுப்புங்கள், நான் சிங்களத்தில் எழுதித் தருகிறேன். அறிக்கை எழுதியே முப்பது வருடம் போனது. மேலே "பொறுப்பதிகாரிக்கு" என்று போட்டு, பிரதி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு என்று கீழே கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் லாச்சிக்குள் போய்விடும்.

மூன்றாங்கட்டை ஓட்டோ:
சீட்டைக் கழற்றினவரே திரும்பப் பூட்ட வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள் அண்ணை.